எண்ணெய் குடித்த பலகை

தென்னாற்காடு ஜில்லா, செஞ்சி சப் மாஜிஸ்திரேட் அவர்கள் முன்னிலையில் 27-11-1967 திங்கட்கிழமை பகல் பன்னிரண்டரை மணிக்குக் கொடுக்கப்பட்டு, கோர்ட் குமாஸ்தாவால் எழுதப்பட்டது.

பெயர்: காஸ்பர். தகப்பனார் பெயர்: காலஞ்சென்ற அருளானந்தம். வயது: 44. தொழில்: வண்டித் தச்சு. மதம்: கத்தோலிக்கு. இருப்பிடம்: செஞ்சி தாலுகா, கரைப்பேட்டை கிராமம், கோயில் தெரு.

மேற்படி காஸ்பர் ஆகிய நான் சொல்வது என்னவென்றால், இந்த வாக்குமூலத்தை யாரும் மிரட்டியோ ஆசை காட்டியோ என்னிடம் வாங்கவில்லை. நான் சொல்வதை எனக்கு எதிராகவே உபயோகப்படுத்தலாம் என்று ஐயா அவர்கள் காலை பத்து மணிக்கே சொல்லி, யோசித்துக்கொள்ள இரண்டரை மணி நேரம் கொடுத்தார்கள். பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள். நான் உட்காரவில்லை. இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்குமாக நடந்தேன். "யோவ், உக்காருய்யா, உன்னப் பாத்து எனக்குத் தலை சுத்துது" என்று பியூன் இரண்டு தடவை சொன்னார். யோசிப்பதற்கு எனக்கு ஒன்றும் இல்லை. யோசித்தது எல்லாம் போன பன்னிரண்டு நாளிலேயே தீர்ந்துவிட்டது.

இந்த மாதம் 14-ஆம் தேதி சாயங்காலம் செஞ்சி போலீஸ் நிலையத்தில் நான் ஒரு புகார் கொடுத்தேன். செஞ்சி கடைத்தெருவில் இரும்புச் சாமானும் பெயிண்டும் விற்கும் அஜிததாஸ் நயினார் மெட்ராசிலிருந்து வாங்கிவந்து கொடுத்த ஒட்டு மருந்து போலி என்றும், அதனால்தான் படகின் பின்பலகை பிடுங்கிக்கொண்டு என் தம்பி அருள்சாமி ஏரியில் மூழ்கிச் செத்தான் என்றும் அதில் சொன்னேன். தம்பி செத்தது நிஜம். பலகை பிடுங்கிக்கொண்டது நிஜம். மருந்து போலி என்பது பொய். பொய் என்று தெரிந்துதான் சொன்னேன். அந்தப் பொய்யின் பேரில் நயினாரை மறுநாளே மோசடிக் கேஸில் பிடித்து, இன்றுவரை சப் ஜெயிலில் வைத்திருக்கிறார்கள். அவரை விடவேண்டும். அதற்காகத்தான் வந்தேன்.

நடந்ததை வரிசையாகச் சொல்லும்படி ஐயா சொன்னதால் படகிலிருந்து சொல்கிறேன்.

எங்கள் ஊருக்கும் செஞ்சி ரோட்டுக்கும் நடுவில் ஏரி இருக்கிறது. கோடையில் ஏரிக்குள்ளேயே வண்டித்தடம் போகும். ஐப்பசி மழையில் நிரம்பிவிட்டால் தை மாதம் வரை தடம் தண்ணீருக்கு அடியில்தான். கரையைச் சுற்றிப்போனால் ஏழு மைல், மிஞ்சின தண்ணீர் கலிங்கு வழியாக வெளியேறத் தொடங்கினால் அதுவும் கிடையாது. அதனால் முன்னே எங்கள் கோயிலில் இருந்த வெள்ளைக்காரச் சாமியார் 1959-ல் தன் தேசத்திலிருந்து ஒரு பழைய படகைக் கப்பலில் வரவழைத்தார். பதினான்கு அடி நீளம். மரமும் இல்லை, தகரமும் இல்லை, கண்ணாடி நாரைப் பிசினில் தோய்த்துச் செய்தது. தட்டினால் பிளாஸ்டிக் வாளி மாதிரி இருக்கும். ஊரில் அதற்குக் கண்ணாடிப் படகு என்று பெயர். அந்தச் சாமியார் ஊருக்குப் போய்விட்டார். படகு மட்டும் இங்கேயே தங்கிவிட்டது. அதை ஓட்டுகிற வேலை என் தம்பிக்கு. பதினெட்டு வயதில் மோட்டார் கயிற்றைப் பிடித்தவன், இருபத்தாறு வயதில் செத்தான். நடுவில் வேறு வேலையைத் தொட்டதில்லை. பிள்ளைத்தாய்ச்சிகளையும் ரேஷன் மூட்டையையும் தபாலையும் பரீட்சைக்குப் போகிற பிள்ளைகளையும் அவன்தான் அக்கரை சேர்ப்பான்.

இந்த வருஷம் புரட்டாசி முதல் வாரத்தில் இப்போதைய பங்குச்சாமியார் ஆள் அனுப்பி, மழைக்கு முன்னால் படகை ஒரு பார்வை பாருங்கள் என்றார். நான் போனேன். கோயில் கொட்டகையில் கவிழ்த்துப் போட்டிருந்த படகை நானும் தம்பியும் நிமிர்த்தினோம். பின்பக்கத்தில் மோட்டாரை மாட்டுகிற இடம் பார்வைக்குப் பளிச்சென்று வெள்ளையாக இருந்தது. மோட்டார் மாட்டுகிற திருகாணியை நான் விரலால் நிமிண்டினேன், அது கையோடு வந்துவிட்டது. ஓட்டையில் ஒரு குச்சியை விட்டுப் பார்த்தேன். நான்கு விரற்கடை ஆழத்துக்குத் தடையில்லாமல் போயிற்று. வெளியே எடுத்தபோது குச்சி நுனியில் கறுப்பாகக் களி மாதிரி ஒட்டியிருந்தது, புளித்த கூழ் வாசனை அடித்தது.

அதன் பிறகுதான் எனக்குப் படகின் சூட்சுமம் விளங்கியது. வெளியே தெரிவது கண்ணாடித் தோல், உள்ளேயும் ஒரு கண்ணாடித் தோல், இரண்டுக்கும் நடுவில் தடி மரப்பலகை. படகின் பலமே அந்தப் பலகைதான். தோல் சும்மா மேல்சட்டை. திருகாணி ஓட்டை வழியாக எட்டு வருஷமாகத் தண்ணீர் உள்ளே கசிந்து, வெளியேற வழியில்லாமல் அங்கேயே நின்று, பலகையைத் தின்றுவிட்டது. அடித்தளத்துக்குக் கீழே நீளவாட்டில் ஓடும் இரண்டு கட்டைகளும் அதே கதி. நான் அதைப் பார்த்து, "இத வெச்சிக்கினாடா போன வருசம் ஏரியத் தாண்டுன?" என்று தம்பியைக் கேட்டேன். "மாதா காப்பாத்துனா" என்று அவன் சிரித்தான்.

அந்த மரத்தைத் தோண்டி எடுக்க ஐந்து நாள் ஆயிற்று. உள்தோலை இரும்பறுக்கும் பிளேடால் மூன்று பக்கம் அறுத்துப் பெயர்த்தேன், பிறகு உளியால் சுரண்டினேன். கண்ணாடித்தூள் கழுத்திலும் முழங்கை மடிப்பிலும் அப்பிக்கொண்டு அரித்த அரிப்பில், வேலை முடிந்த பிறகும் நான்கு நாள் நான் நின்ற இடத்தில் நிற்கவில்லை. என் பெண்சாதி லூர்துமேரி மேலெல்லாம் தேங்காய் எண்ணெய் தடவிவிட்டு, இனி அந்தப் படகைத் தொட்ட கையோடு வீட்டுக்குள் வரக்கூடாது என்று சொல்லிவிட்டாள்.

சுரண்டி எடுத்த மரத்தைக் கையில் பிசைந்து, முகர்ந்து பார்த்தேன். அதில் ஒரு சொட்டு எண்ணெய் வாசனை கிடையாது. இதுதான் விஷயம் என்று நான் அப்போதே முடிவு கட்டிவிட்டேன். எண்ணெய் குடிக்காத மரத்தைத் தண்ணீரில் விட்டால் மக்காமல் என்ன செய்யும்? எங்கள் தொழிலில் தண்ணீரில் இறங்கும் மரம் எதுவானாலும் காய்ச்சின வேப்பெண்ணெயைச் சூட்டோடு மூன்று முறை குடிக்கவைத்து, ஒவ்வொரு முறையும் வெயிலில் காயவைத்துத்தான் வெளியே அனுப்புவோம். எங்கள் ஏரி மதகுக்கு நான் போட்ட பலகை பதினாலு வருஷமாகத் தண்ணீரிலேயே கிடக்கிறது. இன்றைக்கும் நகத்தால் கீறினால் கீறல் விழாது. வெள்ளைக்காரனுக்குக் கண்ணாடியைத் துணி மாதிரி நெய்யத் தெரிந்திருக்கிறது, மரத்துக்கு எண்ணெய் வைக்கத் தெரியவில்லையே என்று தம்பியிடம் நக்கலாகச் சொன்னேன். அந்த நக்கல் இப்போது நினைத்தால் நெஞ்சை அறுக்கிறது.

பலகைக்கு நன்றாகக் காய்ந்த பூவரசு என்னிடமே இருந்தது. மறுபடியும் உள்தோல் போடுவதற்குக் கண்ணாடி நாரும், பிசின் மருந்தும், அதை உறையவைக்கிற குட்டி பாட்டில் மருந்தும் வேண்டும். பாலுக்கு உறை ஊற்றுவது மாதிரி அந்தக் குட்டி மருந்து சில சொட்டு விட்டால்தான் பிசின் இறுகும். இதெல்லாம் செஞ்சியில் கிடைக்காது. அஜிததாஸ் நயினார் பெயிண்ட் வாங்க மெட்ராஸ் போகிறவர் என்பதால் சாமியார் அவரிடம் சொல்லி, அவர் வாங்கிவந்தார். டின்னை ஆள் மூலம் அனுப்பியிருக்கலாம். அப்படி அனுப்பாமல், கடையைப் பெண்சாதி பொறுப்பில் விட்டுவிட்டு, அவரே எடுத்துக்கொண்டு 30-9-67 அன்று மத்தியானம் எங்கள் கொட்டகைக்கு வந்தார். எதையும் காகிதத்தில் எழுதி, அதைப் பார்த்துத்தான் பேசுவார். அன்றைக்கும் சட்டைப்பையிலிருந்து சீட்டை எடுத்தார். தம்பி டீ வாங்கப் போயிருந்தான். அவரும் நானும் மட்டும் இருந்தோம்.

"காஸ்பரு, மெட்ராஸ் கடைக்காரரு மூணு விசயம் சொன்னாரு. மரம் நல்லா காய்ஞ்சி இருக்கணுமாம். மருந்த அளவாத்தான் கலக்கணுமாம். மரத்து மேல எண்ணெ, மெழுகு ஒண்ணும் இருக்கக் கூடாதாம், இருந்தா பிடிக்காதாம்" என்று படித்தார்.

நான் அப்போது பூவரசம் பலகைக்கு இரண்டாவது எண்ணெய் வைத்துக்கொண்டிருந்தேன். தூரிகை என் கையில் இருந்தது. அவர் பலகையையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "நயினாரே, நீங்க ஆணி விக்கிறவரு. மரத்துக்கு இன்னா வேணும்னு எனக்குத் தெரியும்" என்றேன். "எனக்குத் தெரிஞ்சத நான் சொல்லல காஸ்பரு, அவரு சொன்னத சொன்னேன். அப்புறம் உங்க இஷ்டம்" என்று சொல்லிவிட்டு, சீட்டை டின்மேல் வைத்து, பறக்காமல் இருக்க ஒரு ஆணியைப் பாரமாக வைத்துவிட்டுப் போனார். அந்தச் சீட்டில் நான் தூரிகையைத் துடைத்தேன்.

அதன் பிறகு மூன்றாவது எண்ணெயும் வைத்தேன். இரண்டு நாள் வெயிலில் காயவைத்தேன். கைக்குப் பிசுபிசுப்பு இல்லை. அதனால் காய்ந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டேன். பலகையை வெளித்தோலோடு பொருத்தி, மருந்து பூசி, உள்பக்கம் நாரை ஐந்து அடுக்கு போட்டு, அடுக்குக்கு அடுக்கு மருந்து தேய்த்தேன். நீளக் கட்டைகளை மாற்றினேன். மறுநாள் காலையில் எல்லாம் கல்லாக இறுகியிருந்தது. வேலை சுத்தமாக இருந்தது. சாமியார் பார்த்து, புதுப் படகு மாதிரி இருக்கிறதே என்றார். எனக்கும் கொஞ்சம் தலை நிமிர்ந்துதான் இருந்தது.

இதற்குப் பிறகு சொல்லப்போவதை இதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை.

தச்சன் என்றால் வேலை முடிந்ததும் தட்டிப் பார்ப்பான். நானும் கொட்டாப்புளி என்கிற மரச்சுத்தியின் பிடியால் பின்பலகையை இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரைக்கும் தட்டிக்கொண்டே வந்தேன். மரமும் தோலும் ஒன்றாகப் பிடித்திருந்தால் சத்தம் கெட்டியாக வரும். நடுவில் ஒரு முழ அகலத்துக்குக் காலி டப்பா மாதிரி சத்தம் வந்தது. மறுபடியும் தட்டினேன். அதே சத்தம். தம்பி பக்கத்தில் நின்றிருந்தான். "இன்னாண்ணா, சத்தம் ஒரு மாதிரி வருது?" என்று கேட்டான். "புது மரம், அப்படித்தான் பேசும். நீ மோட்டார எடுத்து மாட்டு" என்றேன். அவன் மேற்கொண்டு கேட்கவில்லை. நான் சொன்னால் கேட்டுக்கொள்வான். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். எதிர்த்து ஒரு வார்த்தை பேசுகிற தம்பியாக இருந்திருந்தால் இன்றைக்கு உயிரோடு இருப்பான்.

அப்போதே மறுபடி அறுத்துப் பார்த்திருக்கலாம். பார்த்திருந்தால் நயினார் சொன்னது சரி என்று ஆகியிருக்கும். ஆணி விற்கிறவர் சொல்லித் தச்சன் திருத்தினான் என்று ஆகியிருக்கும். அதற்காகத்தான் அறுக்கவில்லை. வேறு காரணம் எதுவும் இல்லை. மனச்சாந்திக்காக இரண்டு போல்ட்டுகள் கூடுதலாகப் போட்டேன்.

28-10-67 அன்று படகை ஏரியில் இறக்கினோம். பதினேழு நாள் ஓடியது. தினமும் நான்கு நடை, ஐந்து நடை. நான் கரையில் நின்று மோட்டார் சத்தத்தைக் கேட்பேன். ஒன்றும் ஆகவில்லை. தம்பி இரண்டு தடவை பின்னால் ஈரம் கசிகிறது என்றான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பார்க்கிறேன் என்றேன். ஞாயிற்றுக்கிழமை வந்தது, போயிற்று.

14-11-67 செவ்வாய்க்கிழமை காலை சுமார் பத்து மணிக்கு நான் வீட்டில் வண்டிச் சக்கரத்துக்கு ஆரக்கால் இறக்கிக்கொண்டிருந்தேன். ஏரிப்பக்கம் கூச்சல் கேட்டு ஓடினேன். படகு கரையிலிருந்து இரண்டு தென்னைமர தூரத்தில், முன்பக்கம் மட்டும் வெளியே தெரியும்படி செங்குத்தாக நின்றது. தபால்காரர் பாண்டுரங்கன் அதைக் கட்டிக்கொண்டு மிதந்தார். தம்பியைக் காணவில்லை. படகில் இருந்தவர்கள் அவர்கள் இரண்டு பேர்தான். பாண்டுரங்கனைக் கரைக்குக் கொண்டுவந்த பிறகு அவர் சொன்னதாவது: எதிர்க்காற்றுக்காக அருள்சாமி மோட்டாரை வேகமாக முடுக்கினான், பின்னால் துணி கிழிவது மாதிரி ஒரு சத்தம் கேட்டது, பலகை மோட்டாரோடு அப்படியே பின்னால் சாய்ந்தது, தண்ணீர் ஒரே பாய்ச்சலாக உள்ளே வந்தது, அருள்சாமி மோட்டாரை விடாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான், விட்டுடு விட்டுடு என்று தான் கத்தியும் அவன் விடவில்லை. மோட்டார் போனால் வேறு மோட்டாருக்கு ஊர் எங்கே போகும் என்பது அவனுக்குத் தெரியும். மோட்டாரைக் கட்டியிருந்த கயிறு அவன் காலைச் சுற்றிக்கொண்டது. மறுநாள் காலை எட்டு மணிக்குக் கலிங்குக்குப் பக்கத்தில் எடுத்தோம். அறுந்த கயிறு காலில் இருந்தது.

அந்தச் செவ்வாய்க்கிழமையே, எல்லாரும் தண்ணீரில் அவனைத் தேடிக்கொண்டிருக்கும்போது, நான் கோரைப் புல்லுக்கு நடுவில், மோட்டார் கழன்றுபோன பின்பலகை ஒதுங்கிக் கிடப்பதைப் பார்த்தேன். எடுத்துத் திருப்பினேன். அதில் ஒரு நூல் கண்ணாடி நார்கூட ஒட்டியிருக்கவில்லை. நான் இழைப்புளி போட்டு வைத்த அன்றைக்கு எப்படி இருந்ததோ அப்படியே வழவழவென்று இருந்தது. முகர்ந்தேன். வேப்பெண்ணெய். மூன்று முறை குடித்த எண்ணெய் மருந்தை உள்ளே விடவேயில்லை. போலி மருந்து என்றால் பலகையில் அரைகுறையாகவாவது ஒட்டியிருக்கும், தோல் கொழகொழவென்று இருக்கும். தோல் கல்லாக இருந்தது. மருந்து நல்ல மருந்துதான் என்று அந்த நிமிஷமே எனக்குத் தெரிந்துவிட்டது.

பலகையை வேட்டியில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுபோய், ஆரக்கால் குவியலுக்கு அடியில் வைத்தேன். திரும்பி வந்தபோது கரையில் கூட்டம். தம்பி பெண்சாதி இருதயமேரி மண்ணில் புரண்டுகொண்டிருந்தாள். யாரோ ஒருவர், மெட்ராசில் கள்ள மருந்து எல்லாம் விற்கிறார்களாமே என்றார். இன்னொருவர், நயினார் எந்த மருந்தைத் தலையில் கட்டினாரோ என்றார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். இருதயமேரியும் பார்த்தாள். "சொல்லுங்க மாமா, அந்த மருந்துதான?" என்றாள். நான் தலையை ஆட்டினேன். வாயைக்கூடத் திறக்கவில்லை, தலையைத்தான் ஆட்டினேன். அதன் பிறகு நான்கு பேர் என்னைக் கரையைச் சுற்றி ரோட்டுக்கு நடத்திக்கொண்டுபோய், பஸ் ஏற்றி ஸ்டேஷனுக்குக் கூட்டிவந்தார்கள். அங்கே கேட்டபோது வாயைத் திறந்தும் சொல்லிவிட்டேன்.

15-ஆம் தேதி தம்பியை அடக்கம் செய்தோம். அன்றைக்கே நயினாரைக் கைது செய்து கடையைச் சீல் வைத்ததாகச் சொன்னார்கள். அன்றிலிருந்து என்னால் உட்கார முடியவில்லை. சோற்றை நின்றுகொண்டு தின்கிறேன். சக்கரத்தை எடுத்தால் பாதியில் போட்டுவிடுகிறேன். ஒரு நாள் காலையில் கடைத்தெருவுக்கு என்று கிளம்பியவன், நிற்க மனம் இல்லாமல் நடந்து நடந்து மண்டகப்பட்டு வரைக்கும் போய்விட்டேன். அங்கே ஒரு கடைக்காரர் யாரைப் பார்க்க வந்தீங்க என்று கேட்டார். அப்படியே திரும்பினேன். 18-ஆம் தேதி சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். பொய் சொன்னேன் என்று மட்டும் சொன்னேன். என்ன பொய் என்று சாமியார் கேட்கவில்லை. மூன்று அருள்நிறை மந்திரம் சொல்லச் சொன்னார். சொன்னேன். ஒன்றும் அடங்கவில்லை.

போன வெள்ளிக்கிழமை, அதாவது 24-ஆம் தேதி, சாயங்காலம் நான்கு மணிக்குச் செஞ்சி பஸ் ஸ்டாண்டில் நயினார் பெண்சாதி அனந்தமதி அம்மாளை எதிரில் பார்த்தேன். கையில் தூக்குவாளி இருந்தது. ஒதுங்கப் பார்த்தேன், முடியவில்லை. அந்த அம்மாள் என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் இன்னும் கொஞ்ச நாள் நான் தாங்கியிருப்பேன். "அந்தப் பொண்ணு சாப்பிடுதாப்பா?" என்று இருதயமேரியைப் பற்றிக் கேட்டார். சாப்பிடுகிறாள் என்றேன். எங்கே அவசரமாக என்று கேட்டேன், கேட்டிருக்கக்கூடாது. நயினார் தங்கள் ஜைன மத வழக்கப்படி பொழுது சாய்ந்தபிறகு வாயில் ஒன்றும் போடமாட்டார், ஜெயில் சோறு விளக்கு வைத்தபிறகு வருகிறது, முதல் நான்கு நாள் அப்படியே படுத்துவிட்டார், இப்போது கேட்டுக்கொண்டதன்பேரில் வீட்டுச் சோறு விடுகிறார்கள், பொழுதோடு கொண்டுபோக வேண்டும் என்றார்.

நான் அதோடு போயிருப்பேன். அந்த அம்மாளே மேலும் சொன்னார்: "உங்ககிட்ட எண்ணெ ஆவாதுன்னு சொன்னதா அவரு ஸ்டேஷன்ல சொன்னாராம். சொன்னதுக்கு சாட்சி யாருன்னு கேட்டாங்களாம். காஸ்பர்தான் சாட்சி, அவரையே கேளுங்கன்னாராம். புகார் குடுத்தவனையே சாட்சின்னு சொல்றீங்களேன்னு நானே அவரத் திட்டினேன். அங்க வேற ஆளு இல்லையே, இருந்தவரத்தான சொல்ல முடியும்ங்கிறாரு."

அந்த அம்மாள் போய்விட்டார். பஸ் வந்தது, ஏறவில்லை. அடுத்த பஸ்ஸும் வந்தது. செஞ்சியிலிருந்தே நடந்து, கரையின் ஏழு மைலையும் சுற்றித்தான் வீடு சேர்ந்தேன். அவர் என்னை நல்லவன் என்று நம்பிச் சொல்லவில்லை என்பது எனக்குத் தெரியும். கணக்குப் போட்டுச் சொன்னதும் இல்லை. இருந்தது நான் ஒருவன்தான், அதனால் என் பெயரைச் சொன்னார். என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அன்றைக்குப் பொய்தான் சொல்லியிருப்பேன். ஆனால் கேட்காமலே போய்விட்டது என்பதுதான் என்னைப் பிடுங்கித் தின்றது.

சனிக்கிழமை லூர்துமேரியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் முழுவதையும் கேட்டாள். பிறகு, "அது உங்க தம்பி. நீங்க வேணும்னா செஞ்சீங்க? ஆனா அந்த மனுசனை வேணும்னுதான் உள்ள தள்ளினீங்க" என்றாள். அவள் சொன்னது எனக்குச் சரி என்றே பட்டது. நான் ஜெயிலுக்குப் போனால் வீடு என்ன ஆகும் என்று கேட்டதற்கு, அதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றாள்.

மேற்படி பின்பலகையை இன்று கொண்டுவந்து கோர்ட்டில் ஒப்படைத்திருக்கிறேன். பூவரசு, நீளம் மூன்றே கால் அடி, அகலம் ஒன்றரை அடி. தெரிந்த தச்சன் யாரை வேண்டுமானாலும் கூப்பிட்டு முகர்ந்து பார்க்கச் சொல்லலாம். நயினாரின் டின்னில் மிச்சம் இருந்த மருந்தும் கோயில் கொட்டகையில் அப்படியே இருக்கிறது. எண்ணெய் படாத ஒரு மரத்துண்டில் பூசிப் பார்த்தால் அது பிடிக்கும். நேற்று நானே பூசிப் பார்த்தேன். உளி வைத்தும் பெயர்க்க முடியவில்லை. அந்தத் துண்டையும் கொண்டுவந்திருக்கிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இன்று காலை பஸ்ஸில் என்னோடு இருதயமேரியும் வந்தாள். கோர்ட்டுக்குப் போகிறேன் என்றதும், நயினார் மேல் சாட்சி சொல்லப் போகிறேன் என்று அவளாகவே நினைத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். நான் இல்லை என்று சொல்லவில்லை. வழியெல்லாம் சொல்லிவிடலாம், சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். பஸ்ஸிலிருந்து இறங்கும்போது, "விட்டுடாதீங்க மாமா, உங்க தம்பிக்குன்னு கேக்க உங்களத் தவிர ஆரு இருக்குது?" என்றாள். இப்போது கதவுக்கு வெளியே நிற்கிறாள். பலகை சத்தம் ஒரு மாதிரி வருகிறது என்று அவன் கேட்டதை அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவளுடைய மூன்று வயதுப் பெண்ணை என் மடியில் வைத்துக்கொண்டு என் வாயால் அதைச் சொல்ல முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. இதற்கு ஐயா அவர்கள் எதுவும் செய்ய முடியாது என்று தெரியும். மனதில் இருந்ததால் சொன்னேன்.

அஜிததாஸ் நயினார் பேரில் எந்தக் குற்றமும் இல்லை. சொல்லவேண்டியதை என்னிடம் நேரில் வந்து சொன்னார். கேட்காதது நான். தட்டிப் பார்த்துத் தெரிந்தும் மறைத்தது நான். பொய்ப் புகார் கொடுத்தது நான். எந்தத் தண்டனையானாலும் ஏற்றுக்கொள்கிறேன். இதில் எழுதியிருப்பது முழுவதும் என் வாயால் நான் சொன்னது, நடந்தது நடந்தபடி. இதற்கு மேலோ கீழோ எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை.

குறிப்பு: மேற்கண்ட வாக்குமூலம் சாட்சியான காஸ்பருக்கு உரக்க வாசித்துக் காட்டப்பட்டது. வாசிப்பு முடியும் தறுவாயில், வெளியில் நின்றிருந்த இருதயமேரி என்பவர் கதவருகில் வந்து நின்று கேட்பது தெரியவந்து, கதவைச் சாத்தும்படி பியூனுக்கு உத்தரவிடப்பட்டது. சாட்சி குறுக்கிட்டு, கதவைச் சாத்த வேண்டாம் என்றும், தயவுசெய்து முதலிலிருந்து இன்னும் கொஞ்சம் சத்தமாகப் படிக்கவேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார். அனுமதிக்கப்பட்டது. முதலிலிருந்து இரண்டாம் முறை வாசிக்கப்பட்டது. அது முடியும்வரை சாட்சி நின்றுகொண்டே இருந்தார். சரி என்று ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டார்.

(ஒப்பம்) அ. காஸ்பர்
27-11-67